வெள்ளைக் காரின் தண்ணீர்

1990ஆம் ஆண்டு ஐப்பசி ஏழாம் திகதி தொடக்கம், வாடகைக் கார் ஓடும் அடைக்கலநாதனின் வெள்ளைக் காரின் வயிற்றிலிருந்து நாளொன்றுக்குப் பதினொரு வாளி நல்ல தண்ணீர் வடிந்தது. பண்டத்தரிப்புக்கு மேற்கே நாலு மைல்கட்டை தள்ளி, கிணறெல்லாம் உப்பாகிப்போன கடலோர ஊரொன்றில், மெக்கானிக் யாகப்புவின் கொட்டிலுக்குள் அந்தக் கார் நின்றது. எஞ்சின் ஓடவில்லை. பற்றரியை யாரோ றேடியோ கேட்கக் கொண்டுபோய்விட்டார்கள். மண்ணெண்ணெயில் இழுபடும் எஞ்சினுக்கு வீண் பாரம் என்று, காருக்குள் குளிரூட்டும் கூலரின் பெல்ற்றை யாகப்புவே கழற்றியிருந்தார். கூலருக்குள் இருந்த வாயுவும் அதற்கு முந்திய வருடமே கசிந்து தீர்ந்திருந்தது.

கூலர் உள்ள கார் தண்ணீர் வடிப்பது புதினமல்ல. கண்ணாடியை மூடிக்கொண்டு உள்ளே இருப்பவர்கள் விடும் மூச்சின் ஈரம், குளிர்ந்த குழாய்ச் சுருளில் பட்டுத் தண்ணீராகி, ஒரு சின்ன றப்பர் குழாய் வழியே நிலத்தில் சொட்டும். குழாய் அடைத்தால் காலடியில் குளம் கட்டும். சுருளில் பாசி பிடித்தால் ஊத்தைச் சப்பாத்து மணம் வரும். இரண்டையும் யாகப்பு ஒரு சைக்கிள் கம்பியால் சுகப்படுத்துவார். ஆனால் ஓடாத கார் ஏன் வடிக்கிறது என்பதற்கு அவரிடம் கம்பி இருக்கவில்லை. மூன்று நாள் தேடினார். ரேடியேற்றர் வறண்டு கிடந்தது. கூரையில் ஓட்டை இல்லை. நாலாம் நாள் தன் வழக்கப்படி குழாய் முனையில் விரலை வைத்து நாக்கில் தொட்டார்.

அவருடைய தொழில் அந்த நாக்கில்தான் இருந்தது. ரேடியேற்றர் தண்ணீரில் பெற்றோல் கரித்தால் கஸ்கற் போய்விட்டது என்பார். ஒயில் நீர்த்து மண்ணெண்ணெய் நாறினால் பிஸ்ரன் றிங்ஸ் தேய்ந்துவிட்டது என்பார். ஒரு நாளும் பிழைத்ததில்லை. அன்றைக்கு அந்த ஒரு துளியில் சுருட்டும், வெற்றிலையும், காய்ச்சல்காரக் குழந்தையின் வாயும், பல் தீட்டாமல் விடியப்புறம் புறப்பட்ட பலபேரின் பயமும் இருந்தன. யாகப்பு கொட்டிலுக்குப் பின்னால் ஓடிப்போய், தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தார்.

83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அடைக்கலநாதனுக்கு ஒரே ஓட்டம்தான். வெளிநாடு போகிறவர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விமான நிலையத்தில் இறக்குவான். தூசிக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏழெட்டுப் பேரை அடைத்துக்கொண்டு, பத்து மணித்தியாலம் ஓடுவான். வரும்போது கார் வெறுமையாக வரும். ஏழு வருடம் அப்படி ஓடினான். சண்டையால் பெற்றோல் வருவது நின்றபின், சேலைன் போத்தலில் இருந்த கடைசிப் பெற்றோல் துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு யாகப்புவிடம் வந்து சேர்ந்தான். வால்வெல்லாம் கரி. "திருத்தி வையுங்கோ அண்ணை, வாறன்" என்றுவிட்டு அவனும் போய்விட்டான். போனவர்கள் தங்கள் மூச்சை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதுதான் வடிந்தது.

யாகப்பு இதை ஒளிக்கவில்லை. தண்ணீர் எடுக்க வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னார். எல்லாரும் கேட்டுவிட்டு வாளியை நிரப்பிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது மழைத்தண்ணீர் மாதிரியே இருந்தது. அவருடைய மனைவி லூர்த்தம்மா அதில் தேத்தண்ணீர் வைத்தாள், சோறு வடித்தாள். யாகப்பு மட்டும் தான் குடிக்கப் பண்டத்தரிப்பிலிருந்து சைக்கிளில் இரண்டு கான் தண்ணீர் கட்டி வந்தார். தொண்ணூற்றிரண்டில் சைக்கிள் ரயர் வெடித்தது. வேறு ரயர் கிடைக்கவில்லை. அவர் உப்புக் கிணற்றில் அள்ளிக் குடிக்கத் தொடங்கினார். ஆனால் திருத்த வந்த கார்களின் ரேடியேற்றர்களுக்கு வெள்ளைக் காரின் தண்ணீரைத்தான் விட்டார். உப்புத்தண்ணீர் பட்டால் குழாய்களில் வெள்ளைக் கசடு படிந்து எஞ்சின் கொதித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

"காருக்குக் குடுக்கிறியள். உங்கடை தொண்டை மட்டும் என்ன, தங்கத்திலையோ செய்தது?" என்றாள் லூர்த்தம்மா.

"உது தண்ணியில்லையடி. ஊராற்றை எச்சில்."

"எங்கடை ஆக்களின்ரை எச்சில்தானே. வாசலிலை ஓடுது. விசரன் மாதிரி நிண்டு காறாதேங்கோ."

பிறகு சின்னத்தங்கம் வந்தாள். பண்டத்தரிப்பில் தோட்டம் செய்கிறவள். நாலு கட்டை நடந்து வந்திருந்தாள். எண்பத்தைந்தில் அந்தக் காரில் ஏறிப்போன மகன் செல்வரட்ணத்திடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. ஒரு கிளாஸ் தண்ணீரைப் பிடித்து யாகப்புவின் முன்னால் நீட்டினாள்.

"தம்பி, உம்மடை நாக்குக்குத் தெரியுமாம். என்ரை பெடியன் உதுக்குள்ளை இருக்கிறானோ எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லும்."

"எணை அம்மா, எனக்கு வயித்தைப் பிரட்டும்."

"பிரட்டட்டும். சொல்லிப்போட்டுச் சத்தி எடும்."

"என்ன சாப்பிட்டுட்டுப் போனவன்?"

"பழஞ்சோறும் வெங்காயமும். அரைவாசியை வைச்சிட்டு எழும்பினவன்."

யாகப்பு கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் எடுத்தார். நெடுநேரம் வாய்க்குள் வைத்திருந்தார். பிறகு, எச்சில் துப்பச் சாம்பல் போட்டு வைத்திருந்த தகரத்துக்குள் துப்பினார். "இருக்கிறான். கடைவாய்ப் பல்லொண்டு சொத்தை." சின்னத்தங்கம் மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அன்று அவர் சோறு தின்னவில்லை. அந்தச் சொத்தைப் பல் இரண்டு நாள் நாக்கிலேயே இருந்தது. அடுத்த கிழமை பதினேழு பேர் கிளாஸோடு வந்தார்கள்.

இரண்டு வருடம் மற்றவர்களின் பிள்ளைகளை வாயில் வைத்துத் துப்பினார். சாம்பல் தகரத்தை லூர்த்தம்மாதான் கொண்டுபோய்க் கொட்டினாள். தொண்ணூற்று நாலு மாசியில் அவருக்கு இடுப்பு வலி கண்டு, சிறுநீரில் இரத்தம் போயிற்று. இரண்டு சிறுநீரகத்திலும் கல் என்றார் டொக்ரர். உப்புத்தண்ணீரை விடாவிட்டால் வருடம் திரும்பாது என்றும் சொன்னார். யாகப்புவுக்கு மேலே விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை; அந்த வெள்ளைக் கசடை எத்தனை ரேடியேற்றரிலிருந்து தட்டி எடுத்திருப்பார். பண்டத்தரிப்பிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லி லூர்த்தம்மாவைக் கேட்டார்.

"வாசலிலை நல்ல தண்ணி கிடக்க நாலு கட்டை நடக்க எனக்கென்ன விசரே? சாகிறதெண்டால் சாவுங்கோ" என்றுவிட்டு, ஒரு செம்பை நிரப்பிக் கட்டிலருகில் வைத்தாள். போகும்போது அவள் கண் கலங்கியிருந்தது.

செம்பு மூன்று நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் யாகப்பு அதைத் தூக்கிக் குடித்தார். சுருட்டு வந்தது, வெற்றிலை வந்தது, காய்ச்சல்காரக் குழந்தை வந்தது, செல்வரட்ணத்தின் சொத்தைப் பல்லும் வந்தது. குமட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார். பிறகு ஒவ்வொரு நாளும் ஏழு செம்பு குடித்தார். அருவருப்பு ஒரு நாளும் குறையவில்லை. கற்கள் கரைந்து போயின. வேலையற்றுப்போன சாம்பல் தகரத்தை லூர்த்தம்மா கழுவி, அதில் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள்.

தொண்ணூற்றைந்து ஆடியில் ஷெல் விழத் தொடங்க, ஊர் ஒரே காலையில் மூட்டை கட்டிக்கொண்டு எழும்பியது. லூர்த்தம்மா இரண்டு கானை நிரப்பி வாசலில் வைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள். யாகப்பு வெள்ளைக் காரின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக ஏற்றினார். பின் சீற்றில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். காலையில் தின்றது கருவாடு, பல்லும் தீட்டியிருக்கவில்லை. நெஞ்சிலிருந்த மூச்சை முழுவதும் வெளியே விட்டார். இறங்கிக் கதவைப் பூட்டினார். கீழே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் குடிக்கப்போகிறவன் யாராயிருந்தாலும், அவனை நினைக்க யாகப்புவுக்குக் குமட்டியது. கானைத் தூக்கிக்கொண்டு சனத்தோடு நடந்தார்.