முப்பத்தேழாவது வரிசை

கண்காட்சிக் கூடத்தின் கூரை என்றால் சும்மா இல்லை. இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடிக்குக் கேட்காது. அதில் இரண்டாயிரத்துச் சொச்சம் சோலார் பலகைகளை மூன்று மாதமாக ஒரு நாள் லீவுகூட இல்லாமல் மாட்டி முடித்திருந்தார்கள். மாலை நாலு மணிக்குத் திறப்பு விழா. வாசலில் வைத்திருந்த பெரிய திரையில் எல்லா வரிசையும் பச்சை. முப்பத்தேழாவது மட்டும் சிவப்பு; அதில் மின்சாரம் சரியாக வரவில்லை.

"உங்க மச்சான் காலைலேர்ந்து அதோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்காரு," என்று திரையைக் கவனிக்கிற பெண் சொன்னதும் போர்வை கூரைக்கு ஓடினான்.

போர்வை என்பது அவனுக்குக் கூரையில் வைத்த பெயர். வெயில் படுகிற பலகையில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் வயரை இணைக்கும்போது கறுப்புத் துணியால் வரிசையை மூடி, முடிந்ததும் எடுக்க வேண்டும். இணைப்பது அக்கா புருஷன். மூடுவதும் எடுப்பதும் இவன்.

நேற்று மதியம் அவனால் முடியவில்லை. வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை. ராத்திரியில் பொட்டுத் தூக்கமில்லை. மூடிய துணியின் நுனியை இழுத்துக் கைப்பிடிச் சுவரில் கட்டி, அந்த நிழலில் கட்டையைச் சாய்த்தான். சாப்பாட்டு நேரம் முடிந்த விசில் சத்தம் கேட்டதும் வாரிச்சுருட்டிக்கொண்டு ஓடியவன் துணியை மறந்தே போனான். சாயங்காலம் மச்சான், "துணியெல்லாம் எடுத்துட்டியா?" என்று கேட்டபோது, "எடுத்தாச்சு," என்று வாய் தானாகச் சொன்னது. மச்சான் போய்ப் பார்க்கவில்லை. அவன் வேலையை அவர் ஒருநாளும் சோதித்ததில்லை.

மூச்சிரைக்க ஏணியில் ஏறினான். கூரை நடுவே ஆளுயரத்துக்கு எழும்பி நின்ற மங்கல் கண்ணாடி முகட்டுக்கு இந்தப் பக்கம், நேற்று வயர் இணைத்த இடத்தில், மச்சான் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். துணி அவர் கண்ணில் படாமல் முகட்டுக்கு அந்தப் பக்கம்.

"இந்தப் பக்கத்தை வேற துணியால மூடி, மூணு தடவை பிரிச்சு மாட்டிட்டேன்டா. எங்க தப்பு பண்ணேன்னு தெரியல." கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். "இருபத்தெட்டு வருஷம். இப்ப நடுங்குது. விழா முடிஞ்சதும் வேலையை விட்டு நின்னுக்கிறேன்னு இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டேன். உங்க அக்காகிட்ட மூச்சு விடாத."

சத்தமில்லாமல் போய்த் துணியை உருவிவிட்டால் வரிசை பச்சையாகிவிடும். ஒரு ஈ காக்காவுக்கும் தெரியாது. பாவி, ஒரு கணம் அப்படியும் நினைத்தான். ஆனால் மச்சான் அந்தக் கைகளோடுதானே வீட்டுக்குப் போவார்?

"மச்சான், உங்க கையில ஒரு குறையும் இல்ல. துணி அங்கயே கிடக்கு. நேத்து அதை நிழலுக்குக் கட்டித் தூங்கிட்டேன். எடுத்துட்டேன்னு பொய் சொன்னேன்."

மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து முகட்டைச் சுற்றி நடந்தார். அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று போர்வை பின்னாலேயே போனான். கூடாரம் கட்டிய மாதிரி துணி காற்றில் ஆடியது. அதன் கீழே அவனுடைய தண்ணீர் பாட்டில்.

"மணி என்ன?"

"ஒண்ணேகால்."

மச்சான் குனிந்து நிழலுக்குள் நுழைந்து மல்லாந்து படுத்தார். போர்வை முடிச்சில் கை வைத்தான்.

"அவுக்காத. மூணு மணிக்கு எடுத்தா போதும். கீழ போய், நான் நிக்கலைன்னு இன்ஜினியர்கிட்ட சொல்லு. காரணத்தையும் நீயே சொல்லு."

"என் வேலை போயிடுமே மச்சான்?"

போர்வை குனிந்து பார்த்தான். மச்சான் தூங்கிவிட்டிருந்தார். நெஞ்சின் மேல் வைத்த கைகள் நடுங்கவில்லை. அவன் ஏணியைப் பார்த்து நடந்தான்.