யமீனாவின் பாட்டுக்கு மூன்று மைனர்

யமீனா செத்த வருஷமே அவள் புருஷன் பெல்காசெம் ஒரான் நகரத்துக் கல்யாணங்களில் பெரிய பாடகனாகிவிட்டான். எதைப் பாடி? அவன் இன்னொருத்தியோடு போனபோது யமீனா தானே கட்டிப் பாடி அழுத பாட்டைத்தான். அழுகையை உருவிவிட்டு, துள்ளலாக்கி, தன் பேரையும் போட்டுக்கொண்டான். ஜனங்கள் அதற்கு இடுப்பை ஆட்டினார்கள்.

யமீனாவின் தங்கை முக்தாரியாவுக்கு அதைக் கேட்டால் ரொட்டி தொண்டையில் இறங்காது. பாட்டு யாருடையது என்று ஊருக்குத் தெரியவேண்டும், அதுவும் அவன் வாயாலேயே. வேறொன்றும் வேண்டாம் அவளுக்கு.

அவனுக்குக் கிட்டார் வாசிக்கிற ரெதுவான் இவளுக்குச் சித்தப்பா மகன். அந்தப் பாட்டுக்கு வேண்டிய மூன்று கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கட்டுகளை, அவனிடமே கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். சி மேஜர் வந்தது, ஜி மேஜர் வந்தது. விரலைப் படுக்கப்போட்டு அழுத்தவேண்டிய எஃப் மேஜர் மட்டும் பூனையை மிதித்த மாதிரி கத்தியது.

"விடுக்கா, அதுக்குப் பதிலா டி மைனர் பிடி. ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. பாடுறவனுக்கு இடிக்காது."

பிடித்தாள். துள்ளிக்கொண்டிருந்த வரி அழத் தொடங்கியது.

"டேய், சி-க்கும் ஜி-க்கும் இப்படி ஒரு அழுமூஞ்சி இருக்கா?"

"ஏ மைனர், ஈ மைனர். ஏன்க்கா?" அவள் முகத்தைப் பார்த்தான். "புரிஞ்சுடுச்சு. அவன் புதுக் கேசட் வெளியிடுற விருந்தன்னிக்கு எனக்குக் காய்ச்சல் வரும்."

வந்தது. கடற்கரை ஹோட்டலில் பெல்காசெமுக்கு வேறு வழியில்லை, முக்தாரியாவையே கிட்டாருக்கு உட்காரவைத்தான்.

"மச்சினி, நகம் உடையப்போவுது! மூணு கார்ட் தெரியுமில்ல? என் பின்னாலயே வா, போதும்."

"உங்க பின்னாலயேதான் மச்சான் வர்றேன்."

விருந்தென்றால் அங்கே அறிவிப்பாளன் இருப்பான், பிள்ளைகளே. காசு கொடுத்தவர் சொல்லும் பேருக்கென்று பாட்டைக் கூவுவான். கூவிவிட்டால் பாடகன் பாடி முடித்தே ஆகவேண்டும். முக்தாரியா ஒரு நோட்டை நீட்டி அவன் காதில் ஏதோ சொன்னாள்.

"அடுத்த பாட்டு, அதைக் கட்டின யமீனாவுக்கு! தங்கச்சி முக்தாரியா கொடுக்கிறா!"

பெல்காசெம் பல்லைக் காட்டியபடியே தொடங்கினான். அவள் ஏ மைனரில் நிதானமாக இறங்கினாள். மேளக்காரன் அவள் கையைப் பார்த்துத் தானும் தணிந்தான். ஒரு சுரம்கூட இடிக்கவில்லை. எதைச் சொல்லி நிறுத்துவான்?

"மேஜர் பிடிடி!" என்று பல்லுக்குள் சீறினான்.

"எனக்கு எஃப் வராது மச்சான்."

ஆடியவர்கள் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு ஃபாத்மா நெஞ்சில் கைவைத்தாள். "ஐயோ, நம்ம யமீனா மாடியில துணி காயப்போட்டுக்கிட்டே அழுதாளே, அந்தப் பாட்டுல்ல இது!"

கடைசி வரியில் அவன் குரலே உடைந்தது. யாரும் கைதட்டவில்லை. பெண்கள் அவனைத் தாண்டிப்போய் முக்தாரியாவின் நெற்றியில் முத்தமிட்டார்கள்.

அப்புறம் எந்தக் கல்யாணத்தில் அவன் அதைத் தொடங்கினாலும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்: "யமீனாவுக்கு!" கடைசியில் அந்தப் பாட்டையே விட்டுவிட்டான்.

முக்தாரியா எஃப் மேஜரைக் கற்றுக்கொள்ளவேயில்லை.