தெருவுக்குப் போன மணம்

மெஹர் பானு நெய்ச்சோறு ஆக்கினால் தெருமுனை டீக்கடை வரைக்கும் மணக்கும். இதை அவள் சொல்லவில்லை, திருமலைராயன்பட்டினத்தில் அந்தத் தெருவே சொல்லும். "இன்னிக்கு அல்லா பிச்சை வீட்டுல விசேசம் போல" என்று யாராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனால் போதும், அடுப்படியில் நிற்கும் மூத்த மருமகளுக்கு வயிறு நிறைந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அப்படி நிறைந்த வயிறு அது.

எல்லாவற்றுக்கும் காரணம் கிணற்றடியில் நின்ற ரம்பைச் செடி. நீட்ட நீட்டமாகப் பச்சை இலை. பூக்காது, விதை கிடையாது, யாராவது பக்கக்கன்று பிடுங்கிக் கொடுத்தால்தான் உண்டு. மெஹர் பானு நாகூரில் தன் உம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்டது. யார் கேட்டாலும் இலை கொடுப்பாள், கன்று மட்டும் கொடுக்கமாட்டாள். கன்று கொடுத்துவிட்டால் அப்புறம் யார் அவள் வாசல் ஏறி வருவார்கள்? மாமியார் உயிரோடிருந்தவரை அவருடைய முட்டிவலிக்கு அந்த இலையை நறுக்கித் தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தேய்த்துவிட்டதும் அவள்தான். காய்ச்சல் விட்டு உடம்பு வலியோடு கிடப்பவர்களுக்கு இலை வேகவைத்த தண்ணீர். சர்க்கரைக்காரர்களுக்கும் அதே தண்ணீர். சர்க்கரை குறைந்ததா என்பது ஆண்டவனுக்கு வெளிச்சம், வந்து கேட்கிறவர்கள் குறையவில்லை.

இந்த வீட்டுக்குள்தான் வந்து சேர்ந்தாள் ஷஃபீனா, கொழுந்தன் அப்ராரின் மனைவி. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மெஹர் பானுவை அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிடுவாள். காரைக்காலில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறாள். அவள் வாயைத் திறந்தால் மாமனார் அல்லா பிச்சை பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பார். மெஹர் பானு பேசும்போது அந்தப் பேப்பர் ஒருநாளும் மடங்கியதில்லை.

போன மாதம் சாப்பாட்டு நேரத்தில்தான் வினை ஆரம்பித்தது.

"மாமா, பாஸ்மதி அரிசிக்கும் இந்த ரம்பை இலைக்கும் ஒரே வாசனை, தெரியுமா? ரெண்டுலயும் ஒரே பொருள்தான் இருக்கு. அசிட்டைல் பைரோலின்னு பேரு" என்றாள் ஷஃபீனா.

"அட! அரிசியில இருக்குறதே எலையிலயும் இருக்கா?" கிழவரின் கண் விரிந்தது. இருபத்திரண்டு வருஷம் மூத்தவள் கையால் தின்றபோது விரியாத கண்.

"ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும் மாமா. சூட்டுல சீக்கிரமா ஆவியாப் போயிடும். லாத்தா எல்லா இலையையும் மொதல்லயே கொதிக்கிற நெய்யில போட்டுடுறாங்க. பாதிய எடுத்து வச்சு தம் போடுறப்ப போட்டா மணம் சோத்துலயே நிக்கும். தெரு வரைக்கும் மணக்குதுன்னா, அது சட்டிய விட்டுப் போயிட்டுதுன்னுதானே அர்த்தம்?"

அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. பாடம் நடத்தும் பழக்கம், அவ்வளவுதான். ஆனால் மெஹர் பானுவுக்கு நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்துப் பூசியது மாதிரி இருந்தது. தட்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். ஷஃபீனா இலையைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மெஹர் பானு குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, குண்டானை உருட்டி, ஒரு சொல்லும் காதில் விழாமல் பார்த்துக்கொண்டாள். விழுந்திருந்தால் அவளுக்கே நல்லதாக இருந்திருக்கும்.

கை துடைத்துக்கொண்டு வந்தபோது மாமனார் தீர்ப்பே சொல்லிவிட்டார். "உங்க மாமியோட வருச பாத்திஹாவுக்கு இந்தத் தடவ சின்னவளே ஆக்கட்டும்மா. நீயும் எவ்வளவு நாளைக்குத்தான் அடுப்புல வேவே?"

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கணவன் காஜா நஜ்முதீனிடம் புலம்பினாள். "ஒரு நாளைக்கு உக்காந்து சாப்புடேன் புள்ளே, என்ன கொறைஞ்சு போச்சு?" என்றான் அவன். என்ன குறைந்து போகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வருஷத்தில் பதினோரு மாதம் இந்தத் தெரு அவனை மறந்துதான் இருக்கிறது. அவளை மறந்ததில்லை.

மாமியாரின் நினைவு நாள் பாத்திஹா வெள்ளிக்கிழமை. வியாழன் மத்தியானம் வீடு அசந்திருந்த நேரத்தில் அரிவாளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். முதலில் முற்றின இலை, பிறகு இளசு, கடைசியில் குருத்து. செடி மொட்டையாக நின்றது. அத்தனையையும் பேப்பரில் சுருட்டித் தன் அறை பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் திணித்துப் பூட்டினாள். தூக்கிப் போட மனசு வரவில்லை, அவள் வளர்த்த செடியாயிற்றே. இலையில்லாமல் நெய்ச்சோறு சப்பென்று வரும், மாமனார் "மெஹர் கை மாரி வருமா?" என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனையும்.

கல்லூரி விட்டு வந்த ஷஃபீனாவிடம் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "பாழாப்போன ஆடு, கொல்லைக் கதவு தொறந்திருந்துச்சு போல. ஒரு எலை வைக்கலம்மா."

ஷஃபீனா போய்ப் பார்த்தாள். அடித்தண்டுகள் சீராக, ஒரே சாய்வில் அறுபட்டு நின்றன. கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பரவால்ல லாத்தா. இருக்குறத வச்சு ஆக்கிடலாம்" என்றாள்.

மறுநாள் காலை பீரோவைத் திறந்து பச்சைப் பட்டுப் புடவையை உருவிக் கட்டிக்கொண்டு மெஹர் பானு கூடத்துக்கு வந்தாள். அப்படி ஒரு மிதப்பு. நாத்தனார் இஃபாத் அப்போதுதான் நாகூரிலிருந்து வந்து இறங்கியிருந்தாள்.

"என்னம்மா இது?" அல்லா பிச்சை நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கினார். "இன்னும் அடுப்பே பத்த வைக்கல, சோறு வெந்த மணம் வருது?"

மெஹர் பானு மூக்கை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. நேற்றிலிருந்து அந்த அறைக்குள்ளேயே கிடந்த மூக்கு, பழகிப்போயிருந்தது. கிழவர் எழுந்து இரண்டு அடி நடந்து வந்து அவள் எதிரே நின்றார்.

"நீதாம்மா மணக்குறே!"

இஃபாத் சிரித்துக்கொண்டே முந்தானையைப் பிடித்து முகர்ந்தாள். "ஆமா மதினி, பிரிச்ச நெய்ச்சோத்துச் சட்டி மாரியே இருக்கீங்க!" சொன்னதோடு விட்டாளா? நேரே அறைக்குள் போனாள். பீரோவில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது கையில் பேப்பர் சுருள். "எலைய ஏன் மதினி பொடவைக்கு அடியில வச்சிருக்கீங்க?"

மெஹர் பானு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நஜ்முதீன் பார்க்கிறான், மாமனார் பார்க்கிறார். தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

"நான்தான் லாத்தாகிட்ட அறுத்து வைக்கச் சொன்னேன்" என்றாள் ஷஃபீனா. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "செடியில நிக்கிறப்ப இந்த இலை அவ்வளவா மணக்காது. அறுத்து வாடுனாத்தான் மணம் வெளிய வரும். அன்னிக்கு சாப்புடுறப்ப சொன்னேனே மாமா? பீரோவுல காத்துப் படாம, வெதுவெதுப்பா இருக்கும்."

"ஆமா ஆமா, சொன்னே" என்று தலையாட்டினார் அல்லா பிச்சை.

குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் தான் கேட்காமல் விட்டது இதுதான் என்று மெஹர் பானுவுக்கு அப்போது புரிந்தது.

அன்றைக்குத் தெருவில் யாரும் மூக்கை உறிஞ்சவில்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு பெண்கள் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஒரே பெரிய தட்டில் நான்கு பேர். எதிரே ஷஃபீனா. மெஹர் பானு சோற்றில் கை வைத்ததும் உள்ளிருந்து மணம் எழுந்து வந்தது. குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே மென்றாள். ஒரு குறையும் இல்லை. தன் சோற்றைவிட நன்றாக இருந்தது.

அல்லா பிச்சை வாசற்படியில் வந்து நின்றார்.

"மெஹரு, எலைய நல்லா வாட்டிக் குடுத்தேம்மா. இந்த மாரி ஒரு சோத்தத் திங்க உங்க மாமிக்குத்தான் குடுத்து வைக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமே வருசா வருசம் இப்படியே வச்சுக்குவோம். எலைய நீ வாட்டிக் குடு, சோறு சின்னவ ஆக்கட்டும்."

மாமிக்குக் குடுத்து வைக்கவில்லையாம். அந்த மாமிக்கு இருபது வருஷம் ஆக்கிப் போட்டது யார்? முடியாது, அடுப்பு என்னுடையது என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால், இலையை ஏன் அறுத்தாய் என்பதில் போய் நிற்கும்.

ஷஃபீனாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு ஏளனம், ஒரு வெற்றிச் சிரிப்பு, அரைக்கால் அளவு கிடைத்தாலும் போதும், அதை வைத்து ஆயுசு முழுக்க அவளை வெறுக்கலாம். ஒன்றும் அகப்படவில்லை. நல்ல கறித்துண்டாகப் பார்த்து இவள் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள் ஷஃபீனா.

"சரிங்க மாமா" என்றாள் மெஹர் பானு.