யானை வெட்டிய கிணறும் நான் கட்டிய இணையதளமும்

1.

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறு அழகாகத் தெரியும்படி ஒரு கதை எழுத நினைத்தேன். இலக்கியம் என்று நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் பலவும் இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் ஐயம். (‘பலவும்’ என்பதைச் ‘சிலவும்’ என்று திருத்தலாம். திருத்தவில்லை.)

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: ‘ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், தாம் எழுதிய நாற்பது நீதிக்கதைகளையும் உலகுக்கு வழங்கத் திருவுளம் கொண்டு—’

திருவுளமாம்! உலகம் வந்து வாசலில் வரிசையில் நின்று கேட்டதா என்ன?

இரண்டாவது தொடக்கம்: ‘ஐந்தே நிமிடத்தில் உங்கள் இணையதளம்’ என்றது விளம்பரம், எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. இது உண்மை. ஆகவே இதுவே இருக்கட்டும்.

2.

தளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்து. நாகரிகம் என்று அந்த நிறுவனம் சொன்னது, நானும் நம்பினேன். பக்கத்தின் அடியில் ஒரு நரி இடமிருந்து வலமாக ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்.* உச்சியில், ‘அனைவருக்குமான தளம்’ என்ற பச்சை முத்திரை. அதை வழங்கியவர் யார் என்று கேட்காதீர்கள். ஓர் இடத்தில் இலவசமாகக் கிடைத்தது, எடுத்து ஒட்டிக்கொண்டேன்.

கதைகளைத் தட்டச்சு செய்ய மனம் வரவில்லை. கரும்பலகையில் முப்பத்தாறு ஆண்டுகள் பழகிய கையெழுத்தை உலகம் காணாமல் போகலாமா? தலைப்பையும் முதல் இரண்டு வரிகளையும் மட்டும் தட்டச்சு செய்தேன். மீதியைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஏற்றினேன்.

ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சிறு பெட்டி தோன்றியது: ‘இந்தப் படத்தைப் பார்க்க இயலாதவர்களுக்காக விவரிக்கவும்.’ நானோ ஆயுள் முழுவதும் வினாத்தாள் தயாரித்தவன். படம் ஒன்று, அதன் கீழே வெற்றிடம் ஒன்று. கை தானாக எழுதிவிட்டது: ‘படத்தைப் பார்த்து விடையளிக்கவும்.’ நூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கும் அதையே ஒட்டினேன். பெட்டி என்னிடம் கேள்வி கேட்டது. நான் பெட்டிக்கே தேர்வு வைத்தேன்.

* நரியை நிறுத்துவது எப்படி என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார். எழுத்தைப் படிக்கவிடாமல் அது கண்ணை இழுக்கிறதாம். அவருக்கு ரசனை போதாது என்று முடிவு கட்டினேன்.

3.

இனி என் மனைவியின் தங்கை. இவளை எழுதும்போதுதான் கதை இடறியது. முதல் வரைவில், ‘ஒளியிழந்த விழிகளுக்குள் அணையாத நம்பிக்கைச் சுடர்—’ என்று தொடங்கி, தொலைபேசியில் அவளுக்கே படித்துக் காட்டினேன்.

“யாரு அத்தான் அது?”

“நீதாம்மா.”

“எனக்குக் கண்ணு தெரியாது, அவ்வளவுதான். அதுக்குள்ள எதுக்கு லைட்டப் போடுறீங்க? கரண்ட் பில்லு நீங்களா கட்டுவீங்க?”

சுடரை அணைத்தேன். எஞ்சியவை இவை: அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு, குழந்தைகள் வார்டின் ஒலிபெருக்கியில் ஒரு கதை சொல்வாள். கைபேசியில் இருக்கும் எழுத்தை ஒரு மென்பொருள் அவள் காதில் படிக்கும்; அரை வாக்கியம் பின்னால் நின்று, அதையே ஏற்ற இறக்கத்தோடு அவள் மைக்கில் சொல்வாள்.

புதிதாக வந்த நிர்வாக அதிகாரிக்கு இது பொறுக்கவில்லை. பதிவு செய்த குரல் போதுமாம். “பார்வை இல்லாதவங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும்?” என்றாராம். கருணைக்குள் ஒளித்து வைத்த கத்திக்குத் துரு ஏறுவதில்லை. இருந்தாலும், நேர்மையானவர் என்று பெயர் எடுக்க வேண்டுமே! ஒரு வெள்ளிக்கிழமை தாமே வார்டில் அமர்ந்து கேட்டு, அதன் பிறகு முடிவு செய்வதாகச் சொன்னார்.

அந்த நாளுக்குப் புதுக் கதை வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். “என் தளத்திலேயே ஏற்றிவிடுகிறேன், அனைவருக்குமான தளம் அல்லவா?” என்றேன். ஏற்றியபோது அந்த வெள்ளிக்கிழமை மணி மூன்றரை. தலைப்பையும் முதல் இரண்டு வரிகளையும் கேட்டுப் பார்த்தாள். ஒழுங்காக வந்தன. மீதிக்கு என் வாக்கை நம்பினாள்.

4.

வெள்ளிக்கிழமை, நாலே கால் மணி.

“அத்தான், யானை கெணறு வெட்டிச்சு. ‘எல்லாரும் குடிக்கலாம்’னு பலகை நட்டுச்சு. அப்புறம்?”

“அப்புறம் அணில் வந்து... ஏம்மா, நீ படிக்கலையா?”

“படத்தைப் பார்த்து விடையளிக்கவும்.”

“என்னது?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். ஒரு தடவையில்ல, மூணு தடவ. கையெழுத்துப் படத்த அது படிக்காது, படத்துக்குக் கீழ நீங்க எழுதி வச்சதத்தான் படிக்கும். காதுல வந்தத வாய் அப்படியே சொல்லிடுச்சு. மைக்ல, வார்டு பூரா! பிள்ளைங்கெல்லாம் சுவத்தச் சுவத்தப் பாத்துச்சாம், எங்க படம்னு. நர்ஸ் வந்து சொல்றா.”

“அதிகாரி?”

“சிரிச்சாராம். ரொம்ப மரியாதையா. ‘நான்தான் சொன்னேனே’ன்னுகூடச் சொல்லலையாம். அதுதான் பயமா இருக்கு.”

பின்னணியில் மணி அடித்தது. “இருங்க, வார்டு லைன். அஞ்சாவது போன் இது. யானைக்கு என்ன ஆச்சுன்னு பிள்ளைங்க கேக்குது. என்னத்தச் சொல்ல?”

(அந்தக் கதையில் யானை, தன் துதிக்கை எட்டும் ஆழத்துக்குக் கிணற்றை வெட்டியிருக்கும், அணில் விளிம்பில் தாகத்தோடு நிற்கும். தவறுக்கும் கதைக்கும் இத்தனை பொருத்தமா, இட்டுக்கட்டியது என்பீர்கள். பிறருக்கு நீதி எழுதியவன் தன் வீட்டில் அதையே படிக்காதிருப்பதில் வியப்பென்ன?)

5.

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் அவளுக்குப் படித்தேன்.

முதல் முடிவில், அவள் சற்றும் கலங்காமல் மீதிக் கதையைத் தானே புனைந்து சொல்ல, வார்டே கைதட்டுகிறது.

“அப்போ உங்க தப்பு, நான் மேதையாக ஒரு சான்ஸு. நல்லா இருக்கு உங்க நியாயம்!”

இரண்டாம் முடிவில், குழந்தைகள் “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்பதைக் கண்டு அதிகாரியின் உள்ளம் உருகுகிறது.

“அவரு உருகுறதுக்கு நான் அடுப்பா?”

மூன்றாம் முடிவில், வினை விதைத்தவன் வினை அறுக்கிறான். அதிகாரிக்கே பார்வை மங்குகிறது.

“ஐயோ, வேணாம் அத்தான்! அப்புறம் அந்த ஆள என் பக்கத்து நாற்காலியில போட்டா யாரு தாங்குறது?”

மூன்று முடிவிலும் நான் யோக்கியனாகவே வெளியேறுகிறேன் என்பதைக் கவனித்தீர்களா? அவள் கவனித்தாள். ஆகவே மூன்றும் பொய்.

6.

நடந்தது மட்டும்: நரியை விரட்டினேன். முத்திரையைக் கிழித்தேன். எழுத்தைக் கறுப்பாக்கினேன். இரண்டு விரல்களால் கதைகளைத் தட்டச்சு செய்கிறேன், மூன்று முடிந்தன. ஒவ்வொன்றையும் அவள் கேட்டுப் பார்த்து ஏசுகிறாள்.

“அடுத்த கதைக்கு எதை அழுத்தணும்? வெறும் ‘பட்டன், பட்டன், பட்டன்’னு சொல்லுது. இது தளமா, தையக்கடையா?”

பட்டன்களுக்குப் பெயர் வைத்தேன்.

அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். எட்டுப் பக்கம் எழுதினேன். இணையத்தின் வரலாறு, முதுமையின் இடர்கள், நான் வாங்கிய—

“எட்டு எதுக்கு? தப்பு உங்களுதுன்னு ஒரு வரி போதும். அது எழுத மட்டும் கை வராதே!”

வந்தது. ‘வெள்ளிக்கிழமை தடுமாறியது அவரல்ல, என் தளம். தவறு முழுவதும் என்னுடையது.’ சனிக்கிழமை காலை நேரில் சென்று கொடுத்தேன். அதிகாரி வாங்கிக் கோப்பில் வைத்தார். திங்கட்கிழமை கையொப்பம் இடுவாராம்.

இன்று ஞாயிறு. திங்களை இட்டுக்கட்ட எனக்குத் தெரியாதா? அவள் வென்றாள் என்று எழுதினால், நிம்மதியாக மூடி வைத்துவிடுவீர்கள். தோற்றாள் என்று எழுதினால், ‘ஐயோ பாவம்’ என்பீர்கள். அது அதைவிட மலிவு. இரண்டையும் தர மாட்டேன். உங்களில் எவரேனும் அப்படியொரு மேசையில் அமர்ந்தவராக இருக்கலாம். கோப்பின் கடைசித் தாளில் இருக்கும் வரி இதுதான்:

வெள்ளிக்கிழமைக் கதை: தொடரலாம் / நிறுத்தலாம். (தேவையற்றதை அடித்துவிடவும்.)

அடியுங்கள். ஆனால் குறுக்கே இழுத்த கோடு அவள் காதுக்கு எட்டாது. எதை அடித்தீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.