உளி படாத நட்டு

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆறு வண்டியும் தயாராகிவிடும் என்று மெக்கானிக் அசெகென்யே வாக்குக் கொடுத்தபோது, அந்த வேலைக்கு வேண்டிய கருவி அவளிடம் இல்லை. சொரோட்டி ஊரில் வேறு யாரிடமும் இல்லை. அது அவளுக்கும் தெரியும், எதிரே நின்ற எசிருவுக்கும் தெரியும்.

எசிரு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஊர் ஊராகத் தடுப்பூசி கொண்டுபோகும் ஆறு மோட்டார் சைக்கிள்கள் அவர் பொறுப்பு. முந்தின வாரம் அதில் ஒன்று செரேரே சாலையில், மணல் குவிந்த ஒரு வளைவில், திரும்ப மறுத்து நேரே புதருக்குள் போய் விழுந்தது. ஓட்டிப்போன எஜோக்குவுக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. மருந்துப் பெட்டி தப்பித்தது.

அந்த வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டில்பாரை மெல்ல ஆட்டிப் பார்த்ததுமே அசெகென்யேவின் கைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. நேராக வரும் இடத்தில் 'டக்'கென்று ஒரு பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வண்டியின் கழுத்துக்குள் இருக்கும் சின்ன இரும்புக் குண்டுகள், தாங்கி நிற்கும் கிண்ணத்தையே குழித்திருந்தன. மேலே இருக்கும் நட்டில் நாலு வெட்டு உண்டு. அந்த வெட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்குவதுதான் ஊர் வழக்கம். எவ்வளவு இறுகியது என்று அடிக்கிறவனுக்கே தெரியாது. ஆறு வண்டியின் நட்டுகளும் எலி கொறித்த சோளக்கதிர் மாதிரி இருந்தன.

புதுக் கிண்ணம், குண்டு, நட்டு எல்லாம் எசிரு வாங்கி வைத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். புது நட்டில் உளி படக் கூடாது. தலைநகர் கம்பாலாவில் இதற்கென்றே, நாலு வெட்டிலும் பல் போய்ப் பொருந்துகிற சாக்கெட் வைத்திருக்கிறார்கள். ஆனால் வண்டிகளை அங்கே அனுப்பினால் திரும்பி வர மூன்று வாரமாகும். தட்டம்மை ஊசி போடும் வாரமோ திங்கட்கிழமையே தொடங்குகிறது.

"உங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்கம்மா, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார்.

"முடியாதுன்னா நானே சொல்லியிருப்பேன் ஐயா. சனிக்கிழமை வந்து எடுத்துக்கோங்க."

அவர் போனதும், எதிர்க்கடை மெக்கானிக் ஒகுருட் சாலையைக் கடந்து வந்தான். இருவரும் ஒரே வயது. பத்து வருஷமாக எதிரெதிரே கடை வைத்து, ஒருவர் வேலையை ஒருவர் குறை சொல்லியே பழகியவர்கள். உளி இல்லாமல் எதை வைத்துக் கழற்றப்போகிறாய், பல்லாலா என்று கேட்டான். அவள் புது நட்டு ஒன்றை எடுத்து, அடிப்பக்கம் கிரீஸ் தடவி, ஒரு அட்டைத் துண்டில் முத்திரை குத்துவதுபோல அழுத்தினாள். வட்டமும் நாலு வெட்டும் அச்சாக விழுந்தன.

அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்று மத்தியானமே பழைய இரும்புக் கடைக்குப் போனாள். சாக்கெட் செய்யத் தண்ணீர்க் குழாய் வேண்டாம் என்பதில் தெளிவாக இருந்தாள். குழாய் இரும்பு மெத்தென்று இருக்கும். இரண்டு நட்டைத் திருப்புவதற்குள், அதில் வெட்டிய பல் மடங்கிவிடும். சாலை போட வந்த கம்பெனி விட்டுப்போன குவியலைக் கிளறி, பொக்லைன் வாளியின் மூட்டிலிருந்து கழன்ற, புஷ் என்கிற உருளை வளையம் இரண்டைக் கண்டுபிடித்தாள். தடித்த சுவர், உள்ளே அகலமான துளை. அட்டையை மேலே வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது.

புஷ் அவ்வளவு கெட்டி, அரம் வழுக்கிக்கொண்டு போனது. முதலில் அதன் கெட்டித்தனத்தை இறக்க வேண்டும். பக்கத்தில் சப்பாத்தி போடும் அமோடிங்கின் அடுப்புதான் அருகில் இருந்த நெருப்பு. வியாபாரம் முடிந்ததும் இரண்டையும் அந்தக் கரியில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வியாழக்கிழமை காலை எடுத்தபோது இரும்பு அரத்துக்கு இணங்கியது. அன்று முழுக்க ஒன்றில் பல் வெட்டினாள். வெட்டுக்கு ஒன்றாக நாலு பல். ராவுவதும், புது நட்டில் வைத்துப் பார்ப்பதும், மறுபடி ராவுவதுமாகப் பொழுது போனது. மறுமுனையில் ஒரு பெரிய நட்டை வெல்டிங் வைத்தாள், ஸ்பானர் போட்டுத் திருப்புவதற்கு. பிறகு பல் இருக்கும் பக்கத்தைக் காய்ச்சிப் பழைய என்ஜின் ஆயிலில் முக்கினாள். புகை அடங்கியதும் அரத்தால் தொட்டுப் பார்த்தாள். வழுக்கியது. மனசு குளிர்ந்தது.

கிண்ணம் ஏற்றவும் ஒரு கருவி செய்தாள். இது சுலபம். மரை போட்ட நீளக் கம்பி ஒன்று, தடித்த வாஷர் இரண்டு. கழற்றிய பழைய கிண்ணத்தைக் கொஞ்சம் தேய்த்துப் புதுக் கிண்ணத்தின்மேல் கவிழ்த்து, கம்பியின் நட்டை முறுக்கினால் புதுசு கோணாமல் உள்ளே போய் உட்காரும். சுத்தியலுக்கு வேலையே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் வண்டி இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஒகுருட் தன் கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டாவது, எஜோக்கு ஓட்டி விழுந்த வண்டி. அதன் பழைய நட்டு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. அசெகென்யே ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி, உடம்பின் கனம் மொத்தத்தையும் கொடுத்தாள். 'டிக்'கென்று சின்னதாக ஒரு சத்தம். நட்டு அசையவில்லை. சாக்கெட்டின் ஒரு பல் கண்ணாடித் துண்டு மாதிரி தெறித்துத் தரையில் கிடந்தது.

அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். இரும்பைத் தேர்ந்தெடுத்ததில் தப்பில்லை, பல்லின் அளவிலும் தப்பில்லை. பிறகு எங்கே தப்பு என்றுதான் யோசித்தாள். எசிருவுக்குப் போன் பண்ணலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. வந்த வழியே போய்விட்டது.

ஒகுருட் உளியோடு வந்து நின்றான்.

"இந்தா. பழைய நட்டுதானே, தூக்கிப் போடப்போறது. அடிச்சுக் கழட்டு."

"கழட்டிடலாம். புதுசை எதை வெச்சு இறுக்கறது?"

அவன் குனிந்து உடைந்த பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடை வைப்பதற்கு முன்னால் பாங்கா என்கிற வெட்டுக்கத்தி அடிக்கும் பட்டறையில் நாலு வருஷம் இருந்தவன் அவன்.

"ஆயில்ல முக்கி எடுத்தியே, அப்புறம் சூடு காட்டினியா?"

"இல்ல."

"அதான். பத்து வருஷமா என் வேலையைக் குறை சொன்ன வாய் இது. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா தேஞ்சா போயிடும்? முக்கினதோட விட்டா இரும்பு கெட்டியாத்தான் இருக்கும், ஆனா உடைஞ்சிடும். இளஞ்சூட்டுல வெச்சுக் கொஞ்சம் பதம் இறக்கணும். வைக்கோல் நிறம் வந்து, லேசா பழுப்பு ஏறும்போது எடுத்துடணும். நீலம் போச்சுன்னா மறுபடியும் மெத்துனு ஆயிடும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. தப்பு எது என்று தெரிந்துவிட்டதே, அந்த நிம்மதிதான் வந்தது. இரண்டாவது புஷ்ஷும் முதலாவதோடு சேர்ந்தே சாம்பலில் கிடந்து இளகியிருந்தது. எடுத்துவந்து பிடிகருவியில் மாட்டினாள். அளவு இப்போது கைக்குப் பழகிவிட்டதால் பாதி நாளில் பல் வெட்டி முடித்தாள். மறுமுனையில் நட்டு வைத்து, காய்ச்சி ஆயிலில் முக்கி எடுத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துக்கொண்டு அமோடிங்கின் கடைக்குப் போனாள். சப்பாத்திக் கல்லின் சூடு இதற்குச் சரியாக இருக்கும் என்று ஒகுருட் சொல்லியிருந்தான்.

மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, 'இன்னாருடைய அம்மா' என்றுதான் அமோடிங் அவளைக் கூப்பிடுவாள்.

"தோத்தோ ஒலுபோட், அன்னிக்கு அடுப்பைக் கேட்டே, குடுத்தேன். இன்னிக்குக் கல்லையும் கேக்கறே. நாளைக்கு என் சப்பாத்தியில ஆயில் வாசனை அடிச்சா யார் வாங்குவா?"

"மெக்கானிக்குங்க வாங்குவாங்க. அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

அமோடிங் சிரித்துக்கொண்டே கல்லைத் துடைத்து இடம் விட்டாள். பின்னாலேயே ஒகுருட்டும் வந்துவிட, மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளையாக மின்னிய இரும்பில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு விளிம்பில் மெல்லிய மஞ்சள் படர்ந்தது. பல்லின் நுனிவரை ஏறி, தேன் நிறமாகி, பழுப்பைத் தொட்டது. "இப்ப" என்றான் ஒகுருட். அதற்கு முன்பே அசெகென்யே இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டிருந்தாள்.

நேரே எஜோக்குவின் வண்டிக்குப் போனாள். அதே நட்டு, அதே குழாய், அதே கனம். இரும்பு ஒருமுறை முனகியது. நட்டு கால் சுற்று திரும்பியது. பல்லை விரலால் தடவிப் பார்த்தாள். நாலும் முழுசாக இருந்தன.

சனிக்கிழமை காலை ஒகுருட் தன் கடையைப் பூட்டிவிட்டு, கூப்பிடாமலே வந்தான். அவன் கழற்ற, அவள் ஏற்ற, வேலை ஓடியது. கடைசி வண்டியில் கிரீஸ் தடவி, குண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, நட்டை இறுக்கி, பிறகு ஒரு நூலிழை தளர்த்தினாள். ஹேண்டில்பாரை விரல் நுனியால் தொட்டாள். அது தானாகவே ஒரு பக்கமாகச் சரிந்து, எங்கும் சிக்காமல், கடைசிவரை போய் நின்றது.

எசிரு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூடவே எஜோக்குவும், தோளில் கட்டோடு. எசிரு ஆறு வண்டியின் நட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை. எஜோக்கு தன் வண்டியின் ஹேண்டில்பாரை நல்ல கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருந்தான். போதும் விடு, திங்கட்கிழமை இதை வேறொருவன்தானே ஓட்டப்போகிறான் என்று எசிரு சொன்னதும், அவனை மணலிலும் நம்பித் திருப்பச் சொல்லுங்கள் என்றான் எஜோக்கு.

இந்தக் கருவி எங்கே வாங்கியது என்று எசிரு கேட்டார். இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வண்டிக்கும் கழுத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

"வாங்கல ஐயா, செஞ்சோம்" என்றாள் அசெகென்யே.

ஒகுருட் அந்த 'செஞ்சோம்' காதில் விழாதவன்போலக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டிகள் போனபிறகு, தன் கடைக்கும் ஒன்று வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். இரவல் தர முடியாது என்று அவள் கறாராகச் சொன்னாள். திங்கட்கிழமை இரண்டு பேருமாக இரும்புக் கடைக்குப் போய், அந்தக் குவியலில் இன்னும் எத்தனை புஷ் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம், அவள் பல் வெட்டட்டும், பதம் அவன் பார்க்கட்டும் என்று பேசி முடிவானது.