தனியாக நின்ற எழுபத்து நான்கு

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அந்தப் போர்வையை எல்லார் கால்மேலும் விரித்துக்கொள்ளுங்கள். கதவு தட்டும் சத்தத்துக்குப் பயந்தே ஒரு கோடை முழுவதையும் கழித்த ஆர்லன் ஸ்டெக்கின் கதையைச் சொல்கிறேன். பாதியில் யாரும் எழுந்து போகக் கூடாது, ஆமாம்.

எங்கள் விஸ்கான்சின் ஊர்க் கல்லூரி விடுதியில் கோடைதோறும் ஒரு தொழில்முறை அணி வந்து தங்கிப் பயிற்சி எடுக்கும். நான் அங்கே படுக்கை விரிப்பு மாற்றும் வேலையில் இருந்தேன். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஆளை ஆள் முட்டித் தள்ளுவார்களே, அந்தக் கால்பந்துதான். அதில் குவார்ட்டர்பேக் என்பவன் மூளை மாதிரி. பந்து முதலில் அவன் கைக்கு வரும். யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று கண் இமைப்பதற்குள் அவன் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் மலை மலையாக நாலு பேர் அவனை மிதிக்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

ஆர்லன் அப்படிப்பட்ட குவார்ட்டர்பேக். மொண்டானாவில் கோதுமை வயலுக்கு நடுவே பிறந்தவன். படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னால், "அது எங்கேப்பா இருக்கு?" என்று கேட்பார்கள். முதலில் போன அணி ஒரே மாதத்தில் அவனைத் திருப்பி அனுப்பியது. இரண்டாவது அணி ஒரு பருவம் முழுக்க ஓரத்தில் நிற்கவைத்துவிட்டு அனுப்பியது. அப்புறம் கனடாவின் பனியில் ஒரு வருஷம். இது மூன்றாவது அணி. இங்கேயும் கழித்துவிட்டால் நான்காவதாகக் கூப்பிட யாரும் இல்லை. மாமனாரின் தானியக் கிடங்கில் மூட்டை ஏற்ற வேண்டியதுதான்.

அணியில் குவார்ட்டர்பேக்குக்கு இரண்டே இடம். முதல் இடம் நிலையாக ஒருவனுக்கு. மிச்சம் இருந்த ஒன்றுக்கு ஆர்லனும் கர்டிஸ் வேலும் போட்டி. கர்டிஸ் பெரிய பல்கலைக்கழகத்துப் பிள்ளை. அவன் படம் தானிய உணவுப் பெட்டியில்கூட வந்திருந்தது.

ஆர்லனுக்கு ஒரு வினை இருந்தது. இந்த ஆட்டத்துக்குப் பக்கத்துக்குப் பதினொரு பேர் வேண்டும். அவன் பள்ளிக்கூடத்தில் அத்தனை பேர் சேர மாட்டார்கள், அவ்வளவு சின்ன ஊர். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பக்கத்துக்கு ஆறு பேர்தான் ஆடுவார்கள். அந்த ஆட்டத்தில் யாருக்கு வேண்டுமானாலும் எறியலாம், நடுவில் குனிந்து நிற்கிற குண்டனுக்கும் எறியலாம். பதினொரு பேர் ஆட்டத்திலோ, நடு வரிசையில் சுவராக நிற்கிற ஐந்து பெரிய ஆட்களுக்கு எறியக் கூடாது. எறிந்தால் நடுவர் மஞ்சள் துணியை வீசித் தண்டனை கொடுப்பார்.

கோடையின் முதல் பயிற்சி ஆட்டத்தில் எதிரிகள் நாலா பக்கமும் நெருக்கினார்கள். ஆர்லன் பதறிப்போனான். சின்ன வயசுக் கண்ணுக்கு ஆள் தனியாக நிற்பது தெரிந்தது, எறிந்துவிட்டான். பிடித்தவன் நடு வரிசைக் குண்டன். பிடித்ததோடு விட்டானா, சந்தோஷத்தில் ஓடவும் தொடங்கினான். மஞ்சள் துணி பறந்தது. அரங்கமே சிரித்தது.

பயிற்சியாளர் கெல்சோ மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை வரிசை ஆளுக்கு எறிஞ்சு துணி விழுந்துச்சுன்னு வை, ஸ்டெக்கு, உன் ஆட்டப் புத்தகத்த நீயே கொண்டாந்து என் மேஜையில வச்சிட்டுக் கிளம்பிடு."

புத்தகம் என்றால் அவர்களுக்கு உயிர் நடுங்கும். ஒருவனை அணியிலிருந்து கழிக்கிற அன்று, ஓரின் என்கிற மெலிந்த மனிதர் காலையில் கதவைத் தட்டி, "கோச் கூப்பிடறாரு, புத்தகத்தோட வா" என்பார். வேறு ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆட்ட ரகசியமெல்லாம் அதில் இருப்பதால் முதலில் அதைத்தான் வாங்கிக்கொள்வார்கள். பையன்கள் அவருக்குக் கத்திரிக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து சாப்பாட்டுக் கூடத்தில் ஆர்லனுக்கு 'ஆறு' என்றே பெயராகிவிட்டது.

"ஏய் ஆறு, அந்த உருளைக்கிழங்கத் தள்ளு. பாத்து, பக்கத்துல குண்டன் இருக்கான், அவனுக்கு எறிஞ்சிடப் போற!" என்பான் கர்டிஸ்.

"எறியட்டுமே, நான் வேணாம்னா சொன்னேன்? உருளைக்கிழங்குக்கு எந்த நடுவரும் துணி வீச மாட்டாரு" என்பான் வில்லியாமி.

வில்லியாமி ஆர்லனின் அறைத் தோழன். டோங்கா தீவுக்காரர்களின் பிள்ளை, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, எழுபத்து நான்காம் எண் சட்டை. வரிசையில் கூடுதல் சுவராக அவனை அனுப்புவார்கள். அப்படி வரிசையின் கடைசியில் போய் நிற்கிறவன், 'இந்த முறை நானும் பந்து பிடிக்கிற ஆள்' என்று நடுவரிடம் நெஞ்சைத் தடவிக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்த ஒரு முறைக்கு மட்டும் அவனும் பந்து பிடிக்கலாம். அவனுக்கு யாரும் எறியப் போவதில்லை. ஆனாலும் விதி விதிதான். வில்லியாமியோ அதை மறந்து மறந்து, பயிற்சியில் தண்டனை ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தான்.

கடைசிப் பயிற்சி ஆட்டம் வந்தது. மறுநாள் காலையில் ஆட்களைக் கழிப்பார்கள். முதல் பாதியில் கர்டிஸ் அழகாக ஆடி, கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். ஆர்லனுக்குக் கிடைத்தது மழைத் தூறலும், வழுக்குகிற புல்லும், கடைசிக் கொஞ்ச நேரமும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பந்தைத் துளித் துளியாக எதிரியின் கோட்டுப் பக்கம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டான். மூன்று கஜம் பாக்கி. இன்னும் ஒரே ஒரு முறை பந்தை எடுக்கத்தான் நேரம் இருந்தது. கோட்டைத் தாண்டினால் வெற்றி.

வில்லியாமி ஓரத்திலிருந்து தடதடவென்று ஓடி வந்தான். வட்டமாகக் குனிந்தவர்களுக்கு நடுவே தலையை நுழைத்து, "கோச் சொன்னாரு: ஓடறவன்கிட்ட குடுக்கற மாதிரி காட்டிட்டு, வலது மூலைக்கு எறி. நான் சுவரு" என்றான்.

பந்து கைக்கு வந்தது. ஆர்லன் கொடுப்பது போலக் காட்டினான். மூலையைப் பார்த்தான். மூலைக்கு ஓடியவன் ஈரப் புல்லில் வழுக்கி, முகம் குப்புறக் கிடந்தான்.

இடது பக்கம் ஒருவன் சுவரை உடைத்துக்கொண்டு வந்தான். பின்னால் இன்னொருவனின் மூச்சு கேட்டது. ஓடவும் இடமில்லை. அப்போது அந்தப் பழைய கண் பார்த்தது. வில்லியாமி தன் எதிராளியைக் கோட்டுக்கு அப்பால் வரை தள்ளிக்கொண்டு போயிருந்தான். 'இந்தக் குண்டனுக்கு யார் எறியப் போகிறார்கள்' என்று அந்த எதிராளி அவனை உதறிவிட்டு ஆர்லனை நோக்கித் திரும்பி ஓடி வந்தான். கோட்டுக்கு அப்பால் எழுபத்து நான்கு தன்னந்தனியாக நின்றது.

நடுவரிடம் சொன்னானா?

கேட்காமல் விட்டோமே! சொல்லியிருந்தால் வெற்றி. மறந்திருந்தால் மஞ்சள் துணி, புத்தகம், தானியக் கிடங்கு. எறியாமல் பந்தோடு விழுந்தால் ஆட்டம் தோற்கும். ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எறிந்தான். எறிந்த கையோடு இரண்டு பேர் அவனைத் தரையில் சாய்த்தார்கள். அவனால் வானத்தைத்தான் பார்க்க முடிந்தது. அரங்கம் ஓவென்று எழுந்தது. கைதட்டலா, சிரிப்பா? அந்த முதல் ஆட்டத்திலும் இதே சத்தந்தான். தலையைத் திருப்பிப் புல்லில் மஞ்சளைத் தேடினான். கெல்சோவும் ஓரத்தில் நின்று அதையே தேடிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் இல்லை. பந்து கோட்டைத் தாண்டிவிட்டது என்று நடுவர் இரண்டு கையையும் உயர்த்தியிருந்தார். வில்லியாமி பந்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சொன்னியாடா?"

"சொன்னேன்டா! நெஞ்சத் தேய்ச்சுத் தேய்ச்சுச் சொன்னேன். போதும் போய்யான்னுட்டாரு."

கெல்சோ ஆர்லனை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை இருவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் வரும்போதெல்லாம் வில்லியாமி டோங்கா மொழியில் என்னவோ முணுமுணுத்தான். பக்கத்துக் கதவு தட்டப்பட்டது. யாரோ அழுதார்கள். அப்புறம் இவர்கள் கதவு.

ஓரின் உள்ளே எட்டிப் பார்த்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். "ஸ்டெக்கு, கோச் கூப்பிடறாரு. புத்தகத்தோட வா."

ஆர்லன் எழுந்தான். கெல்சோவின் அறை வரைக்கும் யாரும் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. எதிரே துணி வண்டியோடு வந்த நானும் விரிப்பை மடிப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

புத்தகத்தை மேஜைமேல் வைத்தான். கெல்சோ அதைத் தொடவில்லை.

"அவன் நடுவர்கிட்ட சொல்லிட்டான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது கோச்."

"பொய்யாவது சொல்லித் தொலையேன்டா. தெரியாம எதுக்கு எறிஞ்ச?"

"அவன் தனியா நின்னான் கோச். எங்க ஊர்ல தனியா நிக்கறவனுக்கு எறியலேன்னா திட்டுவாங்க."

கெல்சோ முகத்தை ஒரு முறை தேய்த்துக்கொண்டார். "கர்டிஸ் அந்தக் குண்டனைப் பாத்திருக்கவே மாட்டான். நானே பாக்கல. கர்டிஸை விடிஞ்சதும் அனுப்பிட்டேன். இனிமே கேட்டுட்டு எறி, புரியுதா? கேக்காம எறிஞ்சே, காலை ஒடிச்சிடுவேன்." ஒரு பென்சிலை அவன் பக்கம் உருட்டினார். "கடைசியில வெத்துப் பக்கம் இருக்கும் பாரு. அங்க உங்க ஆறு பேர் ஆட்டத்த வரைஞ்சு காட்டு. புத்தகத்தோட வரச் சொன்னது அதுக்குத்தான்."

"ஓரின் அதச் சொல்லலியே கோச்…"

"அந்த ஆளுக்குத் தெரிஞ்சது அந்த ஒரே வாக்கியந்தான்."

ஆர்லன் அறைக்குத் திரும்பியபோது, வில்லியாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவன் சட்டைகளையெல்லாம் மடித்துப் பெட்டியில் அடுக்கி முடித்திருந்தான்.

"எல்லாத்தையும் எடுத்து வெளிய வைடா, தடியா" என்றான் ஆர்லன், புத்தகத்தைக் காட்டி.

விடுதியே குலுங்குகிற மாதிரி வில்லியாமி குதித்தான். கட்டில் சட்டம் முறிந்ததுதான் மிச்சம். மாற்றுக் கட்டில் இழுத்து வந்தது நான்தான்.

அப்புறம் ஆர்லன் அங்கே பல பருவம் ஆடினான். பெரிய பெயர் ஒன்றும் எடுக்கவில்லை. பாதி நாள் ஓரத்தில் நின்றான், மீதி நாள் மிதி வாங்கினான். ஆனால் வில்லியாமி உள்ளே வரும்போதெல்லாம், "சொன்னியாடா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவன் பந்தைக் கையில் வாங்கியதே இல்லை.

போய்த் தூங்குங்கள், என் செல்லங்களே. உங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் நல்ல சேதியோடே தட்டட்டும். உங்கள் வீட்டில் யார் தனியாக நின்றாலும், அவர்களைப் பார்க்கிற கண் ஒன்று எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.