வீரையன் வீட்டு ஓவர்ஃப்ளோ

வீரையன் காலமான அடுத்த மாதம், வைகாசியில், அவர் வீட்டு மாடியில் காலியாகக் கிடந்த டேங்க் வழியத் தொடங்கியது. முதலில் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் சொட்டுச் சொட்டாக விழும். விளக்கு வைக்கும் நேரத்தில் விரல் கனத்துக்கு ஊற்றும். வெண்ணாறு அப்போது வெறும் மணலாகக் கிடந்தது. போர்வெல்லில் மோட்டார் போட்டால் காற்றுதான் வந்தது. கீழத்தெருவுக்குக் குடிதண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. ஆகவே தெருக்காரர்களுக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பக்கத்து வீட்டு ஞானாம்பாளின் கூழ்வற்றல் நனைந்ததும் அவள் மதிலோரம் நின்று சத்தம் போட்டாள்.

“அகிலாண்டக்கா, மோட்டார நிறுத்துங்க! நாங்க குடத்தத் தூக்கிட்டு லாரி பின்னால ஓடுறோம், ஒங்க வீட்டுல என்ன குற்றாலமா?”

வீரையனின் மனைவி அகிலாண்டம் தலையை மட்டும் அசைத்தாள். கணவர் போனதிலிருந்து அவள் யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஒரு காலத்தில் அவள் கூப்பிட்டால் மூன்று தெரு தள்ளி மேயும் மாடு திரும்பிப் பார்க்கும். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊரில் பிறந்தவள், ஒரு குடம் வீணானாலும் பொறுக்க மாட்டாள். வீரையனோ மோட்டாரைப் போட்டுவிட்டுப் பேப்பரில் மூழ்கிவிடுவார். டேங்க் வழியும், அவள் அடுக்களையிலிருந்து கத்துவாள், அவர் “இதோ” என்பார். நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர்களுக்குள் இருந்த பெரிய சண்டை அதுதான்.

தாம்பரத்திலிருந்து மகள் மாலதி வந்தாள். “இங்க தனியாக் கெடந்தா ஒனக்குப் பேச்சே மறந்துடும்மா, என்னோட வந்துடு” என்று பெட்டியைக் கட்டினாள். அகிலாண்டம் அதற்கும் தலையை அசைத்தாள். வீட்டைப் பூட்டுவதற்கு முன் ஒழுகலை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் சுவர் ஊறிப்போகும். மஸ்கட்டில் வேலை பார்த்துத் திரும்பிய பிளம்பர் செல்லதுரையைக் கூப்பிட்டார்கள்.

செல்லதுரை முறையாகத்தான் பார்த்தான். மிதவை வால்வைத் தூக்கிப் பார்த்தான், நன்றாக இருந்தது. இருந்தாலும் வாஷரை மாற்றினான். கேட் வால்வை மூடினான். கீழே வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மறுபடி ஏறி டேங்குக்குள் டார்ச் அடித்தான். அடியில் பேர் எழுதலாம் போலத் தூசி, அதன்மேல் ஒரு பல்லி. மேலே, ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு கை பிடித்துக் குடித்துப் பார்த்தான். ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது இருக்கும் வண்டல் வாசம்.

“டேங்க் காலி, மோட்டாருக்குக் கரண்டே இல்ல, ஆனா ஓவர்ஃப்ளோ ஆவுது” என்று மாடியிலிருந்து சொன்னான். “கொழாய்க்கு மூடி போட்டு ஒட்டிடவா?”

“ஒட்டிடுங்க” என்றாள் மாலதி.

அவன் பசையைத் தடவும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. தண்ணீர் சடசடவென்று கொல்லையில் கொட்டியது. அடுக்களையில் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த அகிலாண்டம், கணவர் இல்லை என்பதை அந்த ஒரு கணம் மறந்துபோனாள்.

“ஏங்க! மோட்டாரு! எத்தன தடவ கத்துறது, காதுல என்ன பஞ்சா? அந்தப் பேப்பரக் கொண்டாந்து அடுப்புல வைக்கிறேன் பாருங்க!”

செல்லதுரை கையிலிருந்த மூடி உருண்டு ஓடியது. தண்ணீர் உடனே நிற்கவில்லை. முழங்கால் வலிக்காரர் ஒருவர் படித்த செய்தியை முடித்து, பேப்பரை மடித்து, காலால் செருப்பைத் துழாவி, கூடத்தைக் கடந்து சுவிட்சுக்குப் போக எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் ஓடியது. பிறகு நின்றது. அதுவரை அகிலாண்டம் கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்றாள்.

“இப்பத்தான் எந்திரிச்சுப் போறாரு” என்றாள் மகளிடம். மாலதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

செல்லதுரை மூடியைத் தேடி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான். “வாஷர் மாத்தியிருக்கேன். மத்தத நீங்களே பாத்துக்கங்கக்கா.”

மாலதி தனியாகத்தான் ரயிலேறினாள். அதற்குப் பின் ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் சீக்கிரம் வந்தது, ஒரு வருஷம் தாமதமாக வந்தது. வீரையன் வீட்டில் மட்டும் நாள் தவறாமல் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வழிந்தது. தெருப் பெண்கள் குழாயின் கீழ் வரிசையாகக் குடம் வைத்தார்கள். “இந்தக் குடம் மட்டும் நெறயட்டும்க்கா, அப்பறம் மாமாவக் கூப்பிடுங்க” என்பார்கள். அகிலாண்டம் காய்ச்சலில் கிடந்தபோது ஞானாம்பாள் தொண்டை வறளக் கத்திப் பார்த்தாள், பலிக்கவில்லை. படுக்கையிலிருந்து அகிலாண்டம் முனகியதும் நின்றது. புதிதாக யாராவது கேட்டால், தண்ணீர் வழியும் நேரத்தைப் பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்கள்.

நாலாம் வருஷம், அவள் கூப்பிட்ட பிறகும் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. நடுவில் இளைத்து, மறுபடி பெருகி, பிறகுதான் நின்றது. ஞானாம்பாள் பயந்துபோனாள்.

“வயசாவுதுல்ல” என்றாள் அகிலாண்டம். “பாதி வழியில நாற்காலியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.”

மறுநாளிலிருந்து தண்ணீர் வழியும் வரை அவள் காத்திருக்கவில்லை. வெயில் இறங்கும்போதே அடுக்களை வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கூப்பிட்டாள்.

“ஏங்க, டேங்க் நெறயப் போவுது. அவசரமில்ல, மெதுவா எந்திரிச்சு வாங்க.”